புல் எடுத்த ஜெராக்ஸ்

அடுத்த தடவை காலேஜ் கேட் பக்கத்துல கரும்பு ஜூஸ் குடிக்கும்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உங்க உடம்பு செல்லுல 46 குரோமோசோம். அந்தக் கரும்போட செல்லுல 100-க்கும் மேல. நம்ம டி.என்.ஏ. மொத்தம் சுமார் 600 கோடி எழுத்து. கரும்போடது சுமார் 1,000 கோடி.

அப்போ கரும்பு நம்மளவிட புத்திசாலியா? அட, இல்லைங்க. அதுல பெரும்பகுதி ஒரே விஷயத்தோட காப்பிதான். ஒரு ஜீன் நமக்கு ரெண்டு பிரதி இருந்தா, கரும்புக்கு எட்டு, பத்துன்னு இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க யாராவது இதைக் கோடா பார்த்தா முதல் வேலையா டெலீட் பட்டனைத் தேடுவாங்க. ஒரே ஃபங்ஷனைப் பத்து இடத்துல பேஸ்ட் பண்ணி வச்சா வைவால கிழிச்சிட மாட்டாங்களா?

ஆனா அந்த பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி புல்லுகிட்ட ஒரு பாடம் கேட்டுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம், கரும்பு எல்லாமே புல் குடும்பம். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி, இவை எல்லாத்துக்கும் பொதுவான ஒரு மூதாதைச் செடியில மொத்த ஜீனோமும் இரட்டிப்பாச்சு. செல் பிரியும்போது பாதி பாதியா போக வேண்டிய குரோமோசோம்கள் பிரியாம அப்படியே தங்கிட்டா இப்படி நடக்கும். நெல்லோட 12 ஜோடி குரோமோசோம்ல அந்தத் தடயம் இன்னைக்கும் இருக்கு: ஒரு குரோமோசோம்ல இருக்கிற ஜீன் வரிசையோட மிச்சம் இன்னொரு குரோமோசோம்லயும் தெரியும். மக்காச்சோளத்தின் முன்னோர் பிறகு இன்னொரு தடவையும் இரட்டிப்பாகி, துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மறுபடி 10 ஜோடிக்கே வந்து நின்னுடுச்சு.

இதனால என்ன லாபம்? 1970-ல சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி ஒரு புத்தகமே எழுதி இதை விளக்கினார். முக்கியமான ஒரு ஜீன் ஒண்ணே ஒண்ணு இருந்தா அதுல கைவைக்க முடியாது. மாத்தினா செடியே காலி. ரெண்டு இருந்தா, ஒண்ணு பழைய வேலையைப் பார்க்கும், இன்னொண்ணு மாறிப் பார்க்கலாம். சொதப்பினாலும் உயிர் போகாது. சோளமும் கரும்பும் வெயிலை நல்லா பயன்படுத்திக்கிற சி4 ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய சில ஜீன்கள் இப்படிப்பட்ட பழைய காப்பிகள்ல இருந்து வந்தவைதான்.

இந்தக் கதையில நம்ம ஊரும் இருக்கு. 1912-ல கோயம்புத்தூர்ல கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினாங்க. பார்பரும் டி.எஸ்.வெங்கடராமனும் இனிப்புக் கரும்பை, நாணல் மாதிரி வளர்ற காட்டுக் கரும்போட சேர்த்தாங்க. 1918-ல வட இந்தியாவுக்கு 'கோ 205' போச்சு. இந்தக் கலப்புல அம்மா செடி பெரும்பாலும் தன் 80 குரோமோசோமையும் பாதியாக்காம முழுசா பிள்ளைக்குக் கொடுத்துடும். 1930-கள்ல அதே நிலையத்துல ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். நெல் ஜீனோமோட முதல் வரைவு 2002-லயே வந்தது. இன்னைக்கு வயல்ல வளர்ற கலப்புக் கரும்போடது 2024-லதான் வெளியாச்சு. ஒரே பக்கத்தைப் பத்து ஜெராக்ஸ் எடுத்து, எல்லாத்தையும் கிழிச்சுக் கலந்துட்டு, திரும்ப ஒட்டச் சொன்னா எவ்வளவு நேரம் ஆகும்? அதான் காரணம்.

காப்பி எடுத்தா மட்டும் போதும்னு சொல்ல வரல. இரட்டிப்பான ஜீன்கள்ல பெரும்பாலானவை காலப்போக்குல காணாமலே போயிடுச்சு. கோதுமைக்கு மூணு புல்லோட ஜீனோம் சேர்ந்து 42 குரோமோசோம். எது எதோட ஜோடி சேரணும்னு கட்டுப்படுத்தவே பி.ஹெச்.1 என்று ஒரு ஏற்பாடு தேவைப்படுது. கூடுதல் பிரதிக்கு ஒரு செலவு இருக்கு. அந்தச் செலவைத் தாங்கினதாலதான் மாற இடம் கிடைச்சது.

இப்போ நம்ம நிலைமையைப் பாருங்க. எட்டு செமஸ்டர்ல ஸ்பேர்னு எதுவுமே கிடையாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒண்ணுதான். ஓடலைன்னா மார்க் போச்சு, அதோட சேர்ந்து பிளேஸ்மென்ட்டும் ஆடும். அதனாலதான் ஏற்கெனவே ஓடுற ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குறாங்க. சோம்பேறிப் பசங்கன்னு திட்டுறது சுலபம். ஒரே ஒரு காப்பிய வச்சிருக்கிறவன் அதுல பரிசோதனை பண்ண மாட்டான். இதுல பசங்களோட குணத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அமைப்பு அப்படி.

நான் கேட்கிறது சின்ன விஷயம். மூணாவது வருஷத்துல இன்னொரு ப்ராஜெக்ட் வைங்க. அதுக்கு டெமோ ஓடணும்னு கட்டாயம் வேண்டாம். என்ன முயற்சி பண்ணோம், எங்க உடைஞ்சது, ஏன் உடைஞ்சதுன்னு எழுதின நோட்டுக்கு மார்க் கொடுங்க. பத்துல எட்டு குப்பையா போகும். போகட்டும், புல்லுக்கும் பெரும்பாலானது அப்படித்தான் போச்சு. மீதி ரெண்டு, யாரும் கடையில விற்காத ப்ராஜெக்ட்டா இருக்கும்.

ஜூனியர்ஸ், அடுத்த கிளாஸ் கமிட்டி மீட்டிங்ல இதைக் கேட்டுப் பாருங்க. எனக்கு இனி பிரயோஜனம் இல்லை, உங்களுக்கு இன்னும் செமஸ்டர் மிச்சம் இருக்கு.