கண்ணாடிக்குள் இருக்கும் முகங்கள்



எங்கள் வீடுகளில் படச்சட்டம் என்பது வெறும் அலங்காரப் பொருள் அல்ல. போரில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், இடம்பெயர்வில் நோயுற்றுப் போனவர்கள் என்று எத்தனையோ பேருக்குக் கல்லறையும் இல்லை, நினைவுக்கல்லும் இல்லை. சுவரில் தொங்கும் ஒரு படம்தான் மிச்சம். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பல குடும்பங்களிடம் அதுவும்கூட அடையாள அட்டையிலிருந்தோ, உறவினர் வீட்டுக் கலியாண அல்பத்திலிருந்தோ பெருப்பித்து எடுத்த படம்தான். அது பழுதானால் இன்னொன்றுக்கு எங்கே போவது? ஆகவே இம்மாதம் அந்தப் படங்களைக் காக்கின்ற கண்ணாடியைப் பற்றிக் கதைப்போம்.

வீட்டுத் தரிசிப்புகளின்போது நான் அதிகம் காண்பது கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைத்தான். ஸ்ரூடியோவில் கழுவி எடுத்த படத்தின் மேற்பரப்பில் ஜெலற்றின் என்ற மெல்லிய படை உண்டு. அது ஈரத்தை உறிஞ்சினால் இளகி, பசைபோல் ஆகிவிடும். மாரி காலத்தில் சீமெந்துச் சுவர் குளிர்ந்து ஈரம் விடும்போது, கண்ணாடியை முட்டிக்கொண்டிருக்கும் படம் அதிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பூஞ்சணமும் வரும்.

ஒரு தாய் இப்படி ஒட்டிய மகனின் படத்தைக் காட்டி, "பிள்ளை, சவர அலகால மெதுவா எடுத்தா வராதோ?" என்று கேட்டார். "வேண்டாம் அம்மா, முகம் கண்ணாடியோடயே போயிடும்" என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உரிக்க வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், தண்ணீரில் ஊறவிடவும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுப்பியுங்கள். வசதி இல்லையென்றால் கைத்தொலைபேசியால் எடுக்கலாம். வெயில் நேரே படாத யன்னலோரம் படத்தை வையுங்கள். கண்ணாடியில் உங்கள் நிழல் தெரிந்தால், கறுப்புத் துணியொன்றை உங்களுக்கு முன்னால் பிடித்து, அதன் இடைவெளியால் படமெடுங்கள். அந்தத் தாய்க்கு நாங்கள் செய்தது இதைத்தான். பிரதி நன்றாகவே வந்தது.

ஒட்டாமல் தடுப்பது இலகு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். படத்தைச் சுற்றித் தடித்த மட்டையில் ஓரம் வெட்டி வைக்கும்படி பிறேம் கடைக்காரரிடம் கேளுங்கள். படத்தின் பின்னால் பத்திரிகைத்தாள் வைக்க வேண்டாம். அது நாட்பட மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். நல்ல வெள்ளைத்தாள் வையுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய றப்பர்ச் செருப்புத் துண்டை ஒட்டிவிட்டால், சட்டம் சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும், காற்றும் போகும்.

இனிக் கண்ணாடி வாங்கும் விடயம். சிறிய, நடுத்தரப் படங்களுக்கு 2 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். யன்னலுக்குப் போடும் தடித்த கண்ணாடி பாரம் கூடியது. ஒரு சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ வரும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குமிழி, கீறல், அலைபோன்ற நெளிவு இருக்கக்கூடாது. சட்டத்தின் பள்ளத்தைவிட ஓரிரு மில்லிமீற்றர் குறைவாக வெட்டுவியுங்கள். மரம் மாரியில் ஊதும்; இறுக்கமாகப் போட்ட கண்ணாடி அப்போது வெடிக்கும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், கட்டிலுக்கு மேலே தொங்கும் படத்துக்கும் அக்ரிலிக் தகடு நல்லது. அதே தடிப்பில் கண்ணாடியின் பாரத்தில் பாதியும் வராது. கண்ணாடிபோல் சிதறவும் மாட்டாது. ஆனால் இலகுவில் கீறல் விழும், தூசியை இழுக்கும். கண்ணாடி துடைக்க விற்கும் அமோனியா கலந்த திரவங்களை அதற்குப் பாவிக்கக் கூடாது. ஈரமான மெல்லிய துணி போதும்.

வெயிலையும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி, நிறத்தை வெளிறச் செய்யும் கதிர்களை முழுதாகத் தடுக்காது. வாசலுக்கு நேரே, வெயில் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். தெளித்தால் ஓரத்தால் வழிந்து உள்ளே போகும். ஈரப் பூமாலையிலிருந்து வடியும் நீரும் அப்படித்தான். பொட்டு வைப்பதானால் கண்ணாடியின் மேலேயே வையுங்கள், படத்தில் வேண்டாம். விளக்கையோ மெழுகுதிரியையோ படத்துக்குக் கிட்ட வைத்தால், ஒருபக்கம் மட்டும் சூடேறிக் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

கண்ணாடித் தகட்டைப் படுக்கையாகத் தூக்காமல், நிமிர்த்தி, இரு ஓரத்திலும் துணி சுற்றிப் பிடியுங்கள். தூர இடத்துக்குக் கொண்டுபோவதானால் கண்ணாடியின் குறுக்கே ஒட்டுநாடாவைப் பெருக்கல் குறிபோல் ஒட்டுங்கள். உடைந்தாலும் துண்டுகள் படத்தைக் கிழிக்காது. உடைந்துவிட்டால் சட்டத்தைப் படம் மேலே தெரியக் கிடத்தி, துண்டுகளை இழுக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுங்கள். தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். துண்டுகளைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, மூடியுள்ள தகரப்பேணியில் போடுங்கள். முற்றத்து மூலையில் கொட்டினால் நாளைக்குப் பிள்ளைகளின் கால்தான் வெட்டுப்படும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, பல தாய்மார் பிள்ளையின் படத்தோடு வெயிலிலும் மழையிலும் இருந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 30ஆம் திகதி போன்ற நாட்களில் பிரதியைத்தான் கையில் கொண்டுபோங்கள். லமினேற் செய்வதும் பிரதியை மட்டுமே. வெப்பத்தால் ஒட்டுவதைப் பிறகு பிரிக்க முடியாது. மூலப்படத்தைக் கடித உறையிலிட்டு, ஈரம் படாத பெட்டியில், முக்கிய ஆவணங்களோடு வையுங்கள். பின்பக்கம் ஓரத்தில் பெயரையும் பிறந்த திகதியையும் பென்சிலால் மெதுவாக எழுதிவிடுங்கள். நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் "இது யார்?" என்று கேட்கும்போது பதில் அதிலே இருக்கும்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். மாலை போட்ட படம் என்றால் அவர் இறந்துவிட்டார் என்பது எங்கள் சமூகத்தில் எழுதாத வழக்கம். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்பதை அந்த வீட்டுப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். "இவ்வளவு வருடமாச்சுதே, இனியென்ன" என்று அயலவர் நெருக்குவதும், மாலை போட்டவளைக் குறைசொல்வதும் இரண்டும் கொடுமைதான். நாங்கள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொடுக்கலாம், ஆணி அடித்துக்கொடுக்கலாம். தீர்மானத்தை அவரிடமே விட்டுவிடுவோம்.

இந்த மாதமே உங்கள் வீட்டுச் சட்டமொன்றைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஈரமோ கறையானோ கண்ணில் பட்டால் மாரி தொடங்குமுன் மாற்றிவிடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.