கண்டதும் கருதியதும்: வியன்னாவில் ஒரு ஞாயிறு

பிழைப்பை நாடி வெளியூர் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்வு நாள் என்று பெயர். உண்மையிலோ, ஆறு நாள் தள்ளிவைத்த வேலைகள் அனைத்தும் ஒருங்கே வந்து நிற்கும் நாள் அது. துணி துவைக்க வேண்டும். மாவு அரைக்க வேண்டும். மாலையில் சங்கக் கூட்டம் இருக்கும். சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வேறு விதமாகக் கழிக்கும் பேறு நமக்குக் கிட்டியது. ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் கழிந்த அந்நாளைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறோம்.

நம் அடுத்த வீட்டில் ஈராண்டு குடியிருந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்மோடு உணவருந்திய ஆஸ்திரிய இளைஞர் ஒருவரின் பெற்றோரே நமக்கு விருந்தளித்தவர்கள். தந்தையார் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்; தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகன் உண்ட சோற்றுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்று நம்மையும் நம் இல்லத்தரசியையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டார்கள்.

காலையில் அம்மையார் முதலில் தந்தது குழாய்த் தண்ணீர். அதைத் தம் சொத்தைக் காட்டுவது போல் பெருமையுடன் நீட்டினார். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளின் நீர் 1873-ஆம் ஆண்டு முதல் வியன்னாவுக்கு வருகிறதாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே பாய்ந்து வருவதால் நகரம் வரையில் இயந்திரம் கொண்டு இறைக்க வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்துப் பழகிய நம் இல்லத்தரசி இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிப் பருகினார்.

தெருவில் இறங்கினால் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. சட்டப்படி ஞாயிறு கடைகளுக்கு விடுமுறை. அப்பக் கடைகள் சிலவும் காப்பி நிலையங்களுமே திறந்திருந்தன. வாங்குவதற்கு ஒன்றுமில்லாததால் மக்கள் நடப்பதும் அமர்வதும் பேசுவதுமாக இருந்தார்கள்.

டிராமில் ஏறி ரிங் வீதியைச் சுற்றினோம். பழைய நகர மதிலை இடிக்க 1857-இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஆணையிட, மதில் நின்ற இடத்தில் அமைந்த அகன்ற வட்ட வீதி அது. இசை நாடக அரங்கு, நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் என்று மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. பின்னர்ப் புனித ஸ்டீபன் பேராலயத்தை அடைந்தோம். அதன் தென் கோபுரம் 136 மீட்டர் உயரம். அறைக்கு ஏறும் படிகள் 343 என்றதும் நம் முழங்கால் தடை சொல்லிவிட்டது. அண்ணாந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம். 1945 ஏப்ரலில் இவ்வாலயம் தீப்பற்றியபோது அதன் பெருமணி விழுந்து உடைந்தது. அவ்வுடைசல்களையும் உருக்கி 1951-இல் புது மணி வார்த்து, மறு ஆண்டு நகருக்குக் கொண்டுவந்தார்கள்.

நண்பகல் உணவு அவர்கள் இல்லத்தில். நம் தோசையினும் மெல்லியதாய் வார்த்த ஒரு பண்டம்; உள்ளே கரிய பிளம் பழப் பாகு. பண்டத்துக்குப் பலாச்சிங்கன், பாகுக்குப் பொவிடல் என்று பெயர் சொன்ன அம்மையார், "இவை எங்கள் பாட்டியின் ஊரிலிருந்து வந்த சொற்கள். அவர் மொழியில் எனக்குத் தெரிந்தவை உணவின் பெயர்கள் மட்டுமே" என்றார்.

அவருடைய முன்னோர் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, கூலி வேலைக்கு வந்தவர்கள். நாம் காலையில் வியந்த மாளிகைகளுக்கெல்லாம் செங்கல் வேண்டியிருந்ததல்லவா? நகரின் தெற்கே வீனர்பெர்க் என்னும் மேட்டில் களிமண் தோண்டிச் செங்கல் அறுத்தவர்கள் அம்மக்களே. கூலியைக் காசாகத் தராமல், அங்குள்ள கடையில் மட்டுமே செல்லும் தகர வில்லைகளாகத் தந்தார்கள். விக்டர் ஆட்லர் என்னும் மருத்துவர் 1888-இல் நேரில் சென்று கண்டு, தம் இதழில் எழுதி அக்கொடுமையை உலகறியச் செய்தார். 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செக் மொழியே தம் அன்றாட மொழி என்று பதிந்தவர்கள் வியன்னாவில் ஓரிலட்சத்துக்கும் மேல்.

அம்மையார் அலமாரியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே பாட்டிக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள். "இவற்றில் ஒரு வரியும் எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் தாயார் புரிந்துகொள்வார், பேசமாட்டார். செக் குழந்தைகளுக்கென்று கொமென்ஸ்கி சங்கத்தார் நடத்திய பள்ளி இந்நகரில் இருந்தது. பெயரைக் கேட்டே பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், மொழியும் எதற்கு என்று பாட்டி அனுப்பவில்லையாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் மொழியில் எழுதுவார்களா?" என்று வினவினார்.

நம் பேரன் தமிழ் பேசுவான். எழுதுவானா? "பேசுவான்" என்று மட்டும் சொன்னோம். அம்மையார் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே நமக்கு உறுத்தலாயிற்று.

மாலையில் பெரியவர் நம்மை வீனர்பெர்க்குக்கே அழைத்துச் சென்றார். களிமண் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து இன்று ஏரியாகிவிட்டது, சுற்றிலும் மரங்கள். குடும்பம் குடும்பமாக மக்கள் கரையில் அமர்ந்து உண்டார்கள். துருக்கியிலிருந்தும் செர்பியாவிலிருந்தும் பிழைக்க வந்தோர் பலர் என்றார் பெரியவர். ஒரு தாய் தன் மொழியில் அழைக்க, மகன் ஜெர்மன் மொழியில் விடை கூறி ஓடினான். நம் குடியிருப்பின் மாடிப்படிகளில் நாள்தோறும் கேட்கும் உரையாடல்தான். மொழிகள் மட்டுமே வேறு.

செக் பள்ளியை நடத்திய அச்சங்கம் தோன்றியது 1872-இல். வியன்னாவில் அதன் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஆகவே, பள்ளியும் சங்கமும் இருந்தால் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோரும் வேண்டும். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் காலியாகக் கிடக்கும் பலகைகளை அறிந்தவர்கள் நாம் கூறுவதை உணர்வார்கள். பேரனை அங்கே அனுப்பாதவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஊர் திரும்பிய பின் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பேரனோடு அமர்கிறோம். ஊரிலுள்ள கொள்ளுப்பாட்டிக்கு அவன் எழுதிய முதற் கடிதம் மூன்றே வரி, பிழைகள் நான்கு. "ழ" அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. திருத்தாமலே தபாலில் சேர்த்தோம். பாட்டி அதனைச் சாமி படத்தருகே வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார் என்று செய்தி வந்தது.

வருகிற ஞாயிறு உங்கள் இல்லத்திலும் ஒரு கடிதம் எழுதப்படட்டும். துணி சற்று நேரம் ஊறினால் ஒன்றும் ஆகிவிடாது.