5% கமிஷன் சரி, பொறுப்பு யாருக்கு?

புது கேட்ஜெட் ஒண்ணுக்கு கிக்ஸ்டார்ட்டர்ல காசு போடப் போறீங்களா? முதல்ல கட்டணக் கணக்கைப் பார்ப்போம்.

திட்டம் இலக்கைத் தொட்டால் மொத்தத் தொகையில் 5% கிக்ஸ்டார்ட்டருக்கு. பேமெண்ட் கட்டணம் சுமார் 3% தனி. இலக்கைத் தொடலைன்னா ஒரு பைசா கிடையாது. இதுவரை நியாயம்தான்.

ஆனா பொருளே வரலைன்னா? ஜானோ ட்ரோனுக்கு 12,000-க்கும் மேற்பட்டவங்க சுமார் 23 லட்சம் பவுண்டு கொடுத்தாங்க. 2015 நவம்பரில் கம்பெனி மூடப்பட்டது. பெரும்பாலானவங்களுக்கு ட்ரோன் வரவே இல்லை. 5% கணக்குப் போட்டா 1,15,000 பவுண்டு!

நம்ம திருச்சுழி பக்கம் கமிஷன் கடையில மிளகாய் மூட்டை போட்டா, காசு வரலைன்னா விவசாயி கடைக்காரரைத்தான் கேட்பார். கிக்ஸ்டார்ட்டரோ, டெலிவரி தயாரிப்பாளர் பொறுப்புன்னு விதியிலேயே எழுதி வெச்சிருக்கு.

என் கருத்து: 5% அதிகம் இல்லை. முழுசையும் முன்கூட்டியே எடுப்பதுதான் தப்பு. பாதியை இப்போ, மீதியை டெலிவரிக்குப் பிறகு எடுக்கட்டும். அப்போதான் திட்டத்தை ஒழுங்கா சோதிச்சு உள்ளே விடுவாங்க.

அதுவரை இது முதலீடும் இல்லை, ஷாப்பிங்கும் இல்லை. அந்தப் பணம் போனாலும் இந்த மாச இஎம்ஐ தடுமாறாதுன்னா மட்டும் போடுங்க.