மேலே சுற்றும் இலை

சுருட்டில் மூன்று வகை இலை இருக்கிறது. நடுவில் நிரப்புகிற உள்ளிலை, அதை இறுக்கிப் பிடிக்கிற கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுகிற மேலிலை. எடையில் மேலிலைதான் மிகக் குறைவு. விலையில் பெரும்பாலும் அதுதான் முதல். வீட்டில் சுருட்டு சுற்றிப் பழக நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் உள்ளிலைக் கலவையைப் பற்றித்தான். எந்த நாட்டு இலை, எத்தனை பங்கு, காரம் தூக்கலாக வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது பிறகு வரட்டும் என்பேன். மேலிலையைத் தேரவும் தொடவும் தெரியாதவரை எந்தக் கலவையும் பாதிச் சுருட்டிலேயே பிரிந்து கையில் வந்துவிடும்.

யாரையும் புகைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்திருந்து விட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அது வழிவிடும். எனக்குப் பற்று இலையின் மேலும், அதைச் சுற்றுகிற கைவேலையின் மேலும்தான்.

இலை வந்து சேர்ந்ததும் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். கறுத்த இலை காரம், வெளுத்த இலை சாது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. அது சரியல்ல. மடூரோ என்று விற்கும் கரும்பழுப்பு இலை, அம்பாரத்தில் நீண்ட நாள், கூடுதல் சூட்டில் புழுங்கிக் கறுத்தது. அதில் காரத்தைவிட இனிப்புச் சாயல் தூக்கலாக இருப்பதும் உண்டு. நிறத்தில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: இலை முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா?

பிறகு இலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். பூச்சி துளைத்த ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். உள்ளிலையில் ஓட்டை இருந்தால் குற்றமில்லை. மேலிலையில் ஒரு சிறு ஓட்டை போதும், இழுக்கிற காற்று அந்த வழியாகத் திருட்டுத்தனமாக நுழையும். நடுக்காம்பிலிருந்து பிரிகிற கிளை நரம்புகள் மெல்லியவையாக இருக்கவேண்டும். பதத்தில் இருக்கும் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கவேண்டும். நீளாத இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலிலைக்கு உதவாது. அதைக் கட்டு இலையாக வைத்துக்கொள்ளலாம். முகர்ந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அந்த இலைக்கு இன்னும் பாடம் போதவில்லை என்று பொருள்.

கடைசிச் சோதனை நெருப்பு. ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளிப் பற்றவைத்து, சுடரை ஊதி அணைத்துவிட்டு, கங்கு தானாக ஊர்கிறதா என்று பார்க்கவேண்டும். மண்ணிலோ பாசன நீரிலோ குளோரைடு மிகுந்தால் இலை கனலாது. பொட்டாசியம் நன்றாக ஏறிய இலை நின்று எரியும். சாம்பலின் நிறமும் இலைக்கு இலை மாறும். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த கருநிறச் செதில் சாம்பலை வைத்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். உறையூர்ச் சந்துகளில் சுற்றிய சுருட்டு லண்டன் வாசகருக்கு அவ்வளவு பழகிய பொருளாக இருந்தது. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைத்ததும் அந்தப் பின்புலத்தில்தான்.

ஆனால் இன்று உலகம் மேலிலை என்று சொல்லும்போது நினைப்பது நம் ஊர் இலையை அல்ல. கனமில்லாத, நரம்பு தெரியாத, விரலோடு வளைகிற அந்த இலைக்குப் பெயர் வாங்கித் தந்தது சுமத்ராவின் டெலி. 1863இல் யாக்கோபஸ் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே போய்ப் புகையிலை பயிரிடத் தொடங்கினார். டெலி இலை மிக மெல்லியது. ஒரு பவுண்டு இலையில் மற்ற இலைகளைவிட அதிகமான சுருட்டுகளுக்கு மேற்சுற்று கிடைத்தது. வியாபாரிகள் அதைத் தேடி ஓடினார்கள். காடு அழிந்து தோட்டம் விரிந்தது. பயிர் வேலைக்குச் சீனர்கள் வந்தார்கள், பிறகு ஜாவாக்காரர்கள் வந்தார்கள். சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் மாட்டுவண்டி ஓட்டவும் நம்மவர்கள் போனார்கள். மேடான் நகரத்தில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பகுதிக்குக் கம்போங் மெட்ராஸ் என்று பெயர். 1880இல் அங்கே வந்த கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவருக்குச் சிறை. மேலிலையின் மென்மையைப் பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

டெலி இலை அமெரிக்காவுக்குள் நுழைந்ததும் கனெக்டிகட் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஆடிப்போனார்கள். 1890இல் மேலிலைக்குப் பவுண்டுக்கு 2 டாலர் இறக்குமதி வரி விதித்துப் பார்த்தது அமெரிக்க அரசு. அது போதவில்லை. 1900இல் வின்ட்சர் என்ற ஊரில் சுமத்ரா விதையை ஊன்றி, வயலுக்கு மேலே மெல்லிய வலைத்துணியைப் பந்தலாகக் கட்டினார்கள். நேர்வெயில் படாத இலை அகலமாக விரிந்தது, தடிமன் குறைந்தது, நரம்பு சன்னமானது. கனெக்டிகட் நிழல் இலை பிறந்த கதை இதுதான். கீழிருந்து மேலாக ஒரு தடவைக்குச் சில இலை என்று கையாலேயே பறிக்கவேண்டும். 1944 கோடையில் சிம்ஸ்பரி ஊரின் புகையிலை வயலில் கல்லூரிச் செலவுக்காக வேலை செய்த மாணவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். இந்த இரண்டு ஊர்ப் போட்டியில் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. தண்டனைக்கு அஞ்சிக் கட்டாயமாக வேலை செய்தவர்களின் விளைபொருளை 1930ஆம் ஆண்டு அமெரிக்க வரிச் சட்டம் தடுத்தது. அமெரிக்கச் சந்தையை இழக்க விரும்பாத டெலிப் புகையிலைக் கம்பெனிகள் அடுத்த ஆண்டிலிருந்தே தண்டனை ஒப்பந்தங்களைக் கைவிடத் தொடங்கின.

இவ்வளவு சொன்னபிறகும், புதிதாகச் சுற்றுபவர் கனெக்டிகட் நிழல் இலையில் தொடங்கவேண்டாம் என்பேன். அது பழகிய கைக்கே கிழியும். ஈக்வடாரில் மேகமே பந்தலாக நின்று வளர்க்கிற இலை கொஞ்சம் பொறுமை உள்ளது. கனெக்டிகட்டிலேயே திறந்த வெயிலில் வளர்த்து, செடியோடு வெட்டிக் காயவைக்கும் பிராட்லீஃப் இன்னும் தடிமன். இழுத்தால் தாங்கும், தவறினால் பிரித்து மறுபடி சுற்றலாம். பழகுவதற்கு அதைவிட நல்ல இலை எனக்குத் தெரியவில்லை.

இனி பதம். காய்ந்து வந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். அந்த நிலையில் விரிக்கவே கூடாது. சுத்தமான நீரைப் பனிபோலத் தெளித்து, சொட்டு நிற்காமல் உதறி, காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைத்தால் ஈரம் சீராகப் பரவும். சொட்டு நின்ற இடத்தில் கறை விழும். காலையில் எடுக்கும்போது இலை நமுத்த அப்பளம் மாதிரி ஓசையில்லாமல் மடங்கவேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. ஈரம் மிஞ்சிய இலையைச் சுற்றினால் அழகாகத்தான் உட்காரும். ஆனால் காயும்போது சுருங்கி, உள்ளே இருக்கிற கட்டு இடம் கொடுக்காததால் வெடிக்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் விசிறிக் காற்றில் வைத்த மேலிலை சில நிமிடங்களில் பதம் இழந்துவிடும். வேலைக்கு எடுத்தது போக மற்ற இலைகள் ஈரத்துணிக்கு அடியிலேயே இருக்கட்டும்.

நடுக்காம்பை உரிப்பதில்தான் நிறைய இலை வீணாகிறது. நுனியிலிருந்து தொடங்கி அடிப்பக்கம் நோக்கிக் காம்பை உரித்துக்கொண்டு வரவேண்டும். கிளை நரம்புகள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், எதிர்த்திசையில் இழுத்தால் இலையையும் கூட்டிக்கொண்டு போகும். உறையூரில் சுருட்டு சுற்றிய ஒரு பெரியம்மா நான் இழுப்பதைப் பார்த்துவிட்டு, “அவசரப்படாத தம்பி, காம்பு தானா வரும், நீ இலையைப் பிடிச்சுக்க” என்றார். கை எங்கே இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதை அதற்கு மேல் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காம்பு போனால் இலை இடம், வலம் என்று இரண்டு பாதியாகும். இரண்டையும் தனித்தனியாக அடுக்கவேண்டும். இடப்பாதியை ஒரு திசையிலும் வலப்பாதியை எதிர்த்திசையிலும் சுற்றினால்தான் நரம்புகள் சுருட்டின் நீளவாக்கில் படியும். மாற்றிச் சுற்றினால் நரம்புகள் குறுக்கே புடைத்து நிற்கும். பலகையில் இலையின் வழவழப்பான முகம் கீழே, நரம்பு முகம் மேலே. ஓரத்தை வெட்டிச் சீராக்க, கியூபாவில் சவேட்டா என்னும் அரைவட்டக் கத்தி வைத்திருக்கிறார்கள். கூரான எந்தச் சிறு கத்தியும் போதும். பற்றவைக்கும் முனையில் தொடங்கி, சாய்வாக, ஒரு சுற்று முந்திய சுற்றின் மேல் சிறிதளவு ஏறும்படி உருட்டவேண்டும். ஒரு கை உருட்டும்போது மறு கை இலையை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். பசை தலைப்பக்கத்தில் மட்டும். டிராகாகாந்த் பிசினோ நீரில் கரைத்த பெக்டினோ ஒரு பொட்டு போதும். தலையை மூடும் சிறு வட்டத்தை, வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நெடுநேரம் வேலை செய்தால் கையுறை நல்லது. இல்லாவிட்டால் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரவேண்டாம். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இலையை விட்டுவைக்கவே கூடாது.

மீந்த மேலிலையை வைத்திருக்க எண்ணினால் புகையிலை வண்டை மறக்கக்கூடாது. அரிசியளவுகூட இல்லாத பழுப்பு வண்டு அது. நம் ஊர்ச் சூடு அதற்கு மிகவும் ஒத்துவரும். இலைக் கட்டை நன்றாகக் கட்டிய பையில் போட்டுச் சில நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல், உறைந்த இலையை அழுத்தாமல், அப்படியே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த இலையின் மேல் காற்றின் ஈரம் படிந்து கறை விழும்.