மோட்டாரும் வால்வும் பேசிக்கொள்ளட்டும்

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்த தோப்புகளில் மின்னணுக் கருவிகள் இப்பொழுது பெருகி வருகின்றன. கிணற்றடியில் செல்போன் மூலம் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் ஒரு கம்பெனியுடையது. நேரம் வைத்துத் திறந்து மூடும் வால்வுகள் மற்றொரு கம்பெனியுடையவை. மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் கருவி மூன்றாவது கம்பெனியிடமிருந்து வந்திருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. வாங்கும் விவசாயி இதைக் கேட்பதில்லை. விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதல்ல. 5 ஏக்கர் தென்னந்தோப்பை 4 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 2 மணி நேரம் தண்ணீர் என்று வால்வுக் கருவியில் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். இரண்டாம் பகுதிக்குப் பாயத் தொடங்கிய அரை மணியில் மும்முனை மின்சாரம் நின்றுவிடுகிறது, மோட்டாரும் நிற்கிறது. வால்வுக் கருவியோ பேட்டரியில் ஓடுவது. அதன் கடிகாரம் நிற்பதில்லை. ஒன்றரை மணி கழித்து மின்சாரம் வரும்போது, அது கடமை தவறாமல் இரண்டாவது வால்வை மூடி மூன்றாவதைத் திறக்கிறது. இரண்டாம் பகுதி மரங்களுக்குக் கிடைத்தது கால் பங்குத் தண்ணீரே. என்றோ ஒரு நாள் என்றால் பாதகமில்லை. கோடையில் இதுவே வாடிக்கையானால், குரும்பை உதிர்ந்த பிறகுதான் விவரம் தெரியவரும். உரத்தை நீருடன் கலந்து விடுவோருக்கு இழப்பு இன்னும் கூடுதல். ஒரு பகுதிக்கென்று கரைத்த யூரியாவில் மிச்சமுள்ளது அடுத்த பகுதிக்குப் போய்விடும்.

கடைசி வால்வு மூடிய பின்னும் மோட்டார் ஓடினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறி, பி.வி.சி. குழாயின் ஒட்டு எங்கேனும் விட்டுப்போகும். தண்ணீர் பாய்ச்சும் ஆள் புதிய மடையை வெட்டிவிட்ட பிறகே பழைய மடையை அடைப்பார். மோட்டார் நின்றுவிட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். கிணற்றையும் வயலையும் இத்தனை காலம் இணைத்து வந்தவர் அவர்தான். ஆள் கிடைக்கவில்லை என்று கருவிகளை வாங்கியாயிற்று. அவர் செய்த அந்த வேலையை மட்டும் எந்தக் கருவிக்கும் யாரும் கொடுக்கவில்லை.

பட்டணத்து வீடுகளிலும் இதே தொல்லைதான். விளக்குக்கு ஒரு கம்பெனி, கதவுப் பூட்டுக்கு ஒரு கம்பெனி என்று செல்போனில் செயலிகள் குவிந்தன. கடைசியில் பெரிய கம்பெனிகளே கூடி ‘மேட்டர்’ என்ற பொது முறையை 2022-ல் வெளியிட்டன. அதற்கு முன் அமெரிக்காவில் பல கம்பெனிக் கருவிகளை இணைக்கவென்றே ‘ரிவால்வ்’ என்ற பெட்டி விற்கப்பட்டது. அந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் 2014-ல் வாங்கியது. 2016-ல் அதன் சேவையை நிறுத்தவே, பழுதில்லாத பெட்டிகளெல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின. கம்பெனியின் கம்ப்யூட்டரை நம்பியே இயங்கும் ஸ்டார்ட்டரை வாங்குவோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

விவசாயத்திற்குப் பொது முறை புதிதல்ல. ஒரு கம்பெனியின் டிராக்டரில் மற்றொரு கம்பெனியின் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்ட முடிகிறதென்றால், மூன்று புள்ளி இணைப்பின் அளவும் பி.டி.ஓ. தண்டின் 540 சுற்றும் பொதுவாக வகுக்கப்பட்டிருப்பதே காரணம். டிராக்டரும் கருவியும் மின்னணு வழியில் செய்தி பரிமாறிக்கொள்வதற்கும் ஐ.எஸ்.ஓ. 11783 என்ற முறை இருக்கிறது. பம்பு செட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் குறை?

எல்லாவற்றையும் தங்களிடமே வாங்கினால் தொல்லையில்லை என்பார்கள் கம்பெனியார். அதில் ஓரளவு நியாயம் உண்டு. பழுது வந்தால் ஒருவரையே கேட்கலாம். ஆனால் எந்த விவசாயி எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்குகிறார்? கரும்புப் பணம் வந்தபோது ஸ்டார்ட்டர், மானியம் வந்தபோது சொட்டு நீர் என்றல்லவா வாங்குகிறார்?

அரசுதான் இதில் முந்த வேண்டும். தமிழ்நாட்டில் சொட்டு நீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. செல்போன் ஸ்டார்ட்டருக்கும் மானியம் உண்டு. பணம் கொடுக்கும் இடத்தில் நிபந்தனை போட முடியும். மற்றக் கருவியுடன் இணைக்க முனைகள் இருக்க வேண்டும். கம்பெனியின் தொடர்பு அறுந்தாலும் தோப்புக்குள் கருவி இயங்க வேண்டும். ‘மோட்பஸ்’ போன்ற பொது முறையில் செய்தி தர வேண்டும். மோட்பஸ் 1979-லேயே வந்தது, ஆலைகளில் பழகிப்போன ஒன்று, எவரும் பயன்படுத்தலாம். இதைக் கேட்பது பேராசையாகாது.

அதுவரை வாங்குவோர் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். வால்வுக் கருவிகள் பலவற்றில் பம்புக்கென்று தனி முனை உண்டு. அதிலிருந்து ஒரு ரிலே வழியாக, ஏற்ற ஸ்டார்ட்டரை இயக்கலாம். மும்முனை மின்சாரம் என்பதால் இதை அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும். வால்வு 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் இயங்குவதா, பேட்டரி வகையா என்பதையும் கேட்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது உதவாது. எல்லாம் மாட்டி முடிந்ததும், பாய்ந்துகொண்டிருக்கும்போதே மெயினை அணைத்து, அரை மணி கழித்துப் போடச் சொல்ல வேண்டும். விட்ட இடத்திலிருந்து தண்ணீர் தொடர்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.