புல்வெட்டும் மெஷினும் பத்து விரல்களும்

கொடைக்கானல் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஏரி, படகு, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், வீட்டில் செய்த சாக்லேட் என்று பட்டியல் நீளும். புல்வெளியை யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் எடுத்து வந்த போட்டோக்களைப் பார்த்தால் பாதிப் படங்களில் காலுக்குக் கீழே இருப்பது அதுதான். பச்சைப் பாய் விரித்தது போல, ஒரே மட்டமாக!

அந்த மட்டம் தானாக வருவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மெஷின் இருக்கிறது. அந்த மெஷினைத் தள்ளுகிற ஓர் ஆள் இருக்கிறார். அவர் காலில் என்ன போட்டிருக்கிறார், கண்ணில் என்ன மாட்டியிருக்கிறார் என்று கவனிப்பவர்கள் குறைவு. பல இடங்களில் காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் ஒன்றும் இல்லை.

இந்த வேலையின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால், "பார்த்து ஓட்டுப்பா" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. கவனம் வேண்டும்தான். ஆனால் எட்டு மணி நேரம் சத்தத்திலும் அதிர்விலும் நிற்கிற மனிதனின் கவனம் எவ்வளவு தாங்கும்? மெஷினைக் கையில் கொடுப்பவர் தன் பங்கைச் செய்யாமல், ஓட்டுபவரின் கவனத்தை மட்டும் நம்பி வேலை வாங்குவதற்குப் பெயர் பாதுகாப்பு கிடையாது. அது அதிர்ஷ்டத்தை நம்புவது.

மலையில் இவ்வளவு புல் எதற்கு?

கொடைக்கானல் 1845ல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கு ஒதுங்க வந்த இடமாக உருவானது. வெள்ளைக்காரர்களோடு அவர்களுடைய புல்வெளி ஆசையும் மலை ஏறியது. 1895ல் கோல்ஃப் கிளப் வந்தது. ஏரிக்குக் கிழக்கே, 1908ல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி திட்டமிட்ட பூங்கா இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. சுமார் 20 ஏக்கர். மே மாத மலர்க் கண்காட்சி அங்கேதான் நடக்கிறது. இவை போக பள்ளி வளாகங்கள், ரிசார்ட்டுகள், தனியார் பங்களாக்கள்... எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புல்வெளி இருந்தே ஆக வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

நம் மலைவாசஸ்தலங்களில் அதிகம் காணப்படுவது கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களைச் சேர்ந்தது. தரையோடு தரையாகக் கொடி ஓடி மெத்தை மாதிரி அடர்ந்துவிடும். உட்கார்ந்து பார்க்க சுகம். வெட்டுகிறவருக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். ஈரமாக இருந்தால் மெஷினின் வாயில் அடைத்துக்கொள்ளும். இந்த அடைப்புக்கும் விரல்களுக்கும் உள்ள சம்பந்தம் பின்னால் வரும்.

மணிக்கு 300 கிலோமீட்டர்

புல்வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர். 1830ல் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சீவுகிற மில் எந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். அந்த உருளை வகை மெஷின் கத்திரிக்கோல் போல வெட்டும். கோல்ஃப் மைதானங்களில் இன்னும் இருக்கிறது.

இப்போது எங்கும் பார்க்கிற வகை வேறு. கூடைக்குள் கவிழ்த்து வைத்த ஃபேன் மாதிரி, ஒரே ஒரு பிளேடு படுக்கையாகச் சுற்றும். இது புல்லைக் கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து வெட்டுகிறது. சாதாரணக் கணக்குதான்: 53 சென்டிமீட்டர் நீள பிளேடு நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர். அதைச் சந்திக்க ஹெல்மெட், பேட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிற இரும்பு ஒரு ஜல்லிக் கல்லையோ உடைந்த பாட்டில் துண்டையோ தட்டிவிட்டால் என்ன ஆகும்? எதிரே நிற்பவரிடம் ஹெல்மெட்டும் இல்லை, பேட்டும் இல்லை.

சரிவான இடங்களில் தோளில் மாட்டி வெட்டுகிற பிரஷ் கட்டர்தான் அதிகம். அதைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். ஓட்டுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமானால் கையேடு அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் ஆங்கிலம். அதுவும் ஆபீஸ் மேஜை டிராயரோடு சரி!

மலை சேர்க்கிற ஆபத்துகள்

சமதரையில் ஓட்டுவது ஒன்று, பழனி மலையில் ஓட்டுவது வேறு.

முதலில் சரிவு. பின்னால் நடந்து தள்ளுகிற மெஷினைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டினால், கால் வழுக்கும்போது பாதம் நேரே பிளேடுக்கு அடியில் போகும், அல்லது மெஷின் ஆளின் மேல் வரும். ஆனால் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷினுக்குச் சட்டம் தலைகீழ். அதை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழும். ஒன்றைப் பழகியவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இன்னொன்றைக் கொடுத்தால் அவர் பழகியபடிதானே ஓட்டுவார்? எதுவானாலும் 15 டிகிரிக்கு மேல் சரிவிருந்தால் மெஷினை இறக்காமல் இருப்பது நல்லது. நாலடி போவதற்குள் ஓரடி ஏறுகிறது என்றால் அந்த எல்லை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஈரம். கொடைக்கானலுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழை இல்லாத நாளில் பனி, மூடுபனி. புல் முழுசாகக் காய்ந்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஈரப்புல் வழுக்கும், மெஷினையும் அடைக்கும்.

மூன்றாவது உயரம். 2,100 மீட்டரில் காற்று அடர்த்தி குறைவு. கடல் மட்டத்தில் கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை சாதாரண பெட்ரோல் எஞ்சின் அங்கே இழந்துவிடும். கீழே மதுரையில் சளைக்காமல் ஓடுகிற மெஷின் மேலே வந்து திணறும். திணறுகிற மெஷின் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இந்த மூன்றும் சேர்ந்து கொண்டுபோய் நிறுத்துகிற இடம்தான் விரல்கள். அரை மணிக்கு ஒரு தடவை அடைப்பு. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, பிளேடு நிற்கும் வரை பொறுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, ஒரு குச்சியால் எடுக்க வேண்டும். வேலை முடியவில்லையே என்று மேஸ்திரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை தானாக உள்ளே போகும். அடைத்திருந்த புல் விலகியதும், சிக்கிக்கிடந்த பிளேடு சட்டென்று ஒரு சுற்று சுற்றினாலே போதும்.

இதோடு இன்னொன்று, கொடைக்கானலுக்கே உரியது. காட்டுமாடு! கோல்ஃப் மைதானத்திலும் ஊருக்குள்ளும் அது மேய வருவது அங்கே சர்வசாதாரணம். சத்தத்திலிருந்து காதைக் காக்க காதடைப்பான் மாட்டியவருக்குப் பின்னால் மாடு வந்தால் கேட்காது. அதற்காகக் காதைத் திறந்து போட்டால் சில வருஷங்களில் செவி மங்கும். இதற்கு ஒரே வழி, பக்கத்தில் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். அந்த இன்னொரு ஆளின் கூலியை மிச்சம் பிடிப்பதில்தான் பல கான்ட்ராக்ட்டுகள் ஓடுகின்றன.

ஒரு லீவர் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் 1982ல் ஒரு விதி அமலுக்கு வந்தது. வீட்டு உபயோகத்துக்கான, நடந்து தள்ளுகிற புல்வெட்டியில் கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கிற அந்த லீவர் இப்படி வந்ததுதான்.

இந்த விதியின் அழகு எங்கே இருக்கிறது? "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று அது சொல்லவில்லை. மனிதன் அசதியில் மறப்பான், அவசரப்படுவான் என்பதை ஒப்புக்கொண்டு, மறந்தாலும் விரல் தப்பும்படி மெஷினை மாற்றச் சொன்னது. அதே சமயம் தொழில்முறை மெஷின்கள் அந்த விதிக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு லீவர். தினமும் ஓட்டுகிறவரைக் காக்கும் பொறுப்பு முதலாளியிடம்!

லீவர் இருந்தும் அதைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. உடனே "படிக்காதவன், சொன்னால் கேட்க மாட்டான்" என்பார்கள். ஏன் கட்டுகிறார்? நாள் முழுக்க அழுத்திப் பிடித்தால் கை மரத்துப்போகிறது; நடுவில் ஓய்வு கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றினால் கயிறு தானாக அவிழும்.

நம் நாட்டிலும் இந்த மாதிரி சிந்தனைக்கு முன்னுதாரணம் இருக்கிறது. வடஇந்தியாவில் கதிரடிக்கும் மெஷின்கள் எத்தனையோ விவசாயத் தொழிலாளர்களின் கைகளைப் பறித்த பிறகு, 1983ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விவசாயிகள் கவனமாக இருக்கட்டும் என்று விட்டுவிடாமல், மெஷினைத் தயாரிப்பதையும் விற்பதையும் ஒழுங்குபடுத்தி, காயத்துக்கு இழப்பீட்டையும் சொன்ன சட்டம் அது. விவசாயத்திலும் கிராமப்புறத்திலும் பயன்படும் வேறு மெஷின்களை அறிவிக்கை மூலம் சேர்க்கவும் அதில் இடமுண்டு.

சொல்லப்படும் சாக்குகள்

"இருபது வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பது முதல் சாக்கு. ஆனவர்கள் இப்போது ஓட்டுவதில்லை, அதனால் அவர்கள் குரல் அங்கே கேட்பதில்லை.

"கொடுத்தாலும் போட மாட்டேங்குறாங்க" என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. மூடுபனியில் மலிவான கண்ணாடி ஆவி படிந்து பார்வையை மறைக்கும். அப்போது கழற்றிப் பாக்கெட்டில் வைப்பதுதான் புத்தி. ஆவி படியாத கண்ணாடியோ, முகத்தை மறைக்கும் கம்பி வலையோடு உள்ளே ஒரு கண்ணாடியோ வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசலாம்.

"செலவு" என்பது மூன்றாவது. பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் சேர்ந்தாலும் அந்த மெஷினின் விலையில் ஒரு சிறு பங்குதான். மெஷினுக்கு உறை தைத்துப் போடுகிறவர்கள் மனிதனுக்குப் பூட்ஸ் வாங்க யோசிக்கலாமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி இங்கே அப்படியே நேர்ப்பொருளில் பொருந்துகிறது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

1. மெஷினை இறக்கும் முன் புல்வெளி முழுவதும் நடந்து கல், பாட்டில், கம்பி பொறுக்க நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு.

2. இரும்பு முனை வைத்த பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் மெஷினோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும்.

3. பெட்ரோல் ஊற்றும் முன் எஞ்சின் ஆற வேண்டும். குளிருக்குப் பயந்து மூடிய கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடேற்றக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

4. மக்கள் உலாவும் நேரத்தில் வெட்டக் கூடாது. காலையில் புல் ஈரம், மாலையில் கூட்டம் என்றால் அந்தப் பகுதியை கயிறு கட்டி அடைத்துவிட்டு வெட்டலாம்.

5. இந்த விதிகள் தமிழில், ஒரே தாளில், பெரிய எழுத்தில், மெஷின் நிற்கும் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

6. எல்லாவற்றுக்கும் மேலே, "இன்னைக்குப் புல் ஈரமா இருக்கு, ஓட்ட மாட்டேன்" என்று சொன்னால் அன்றைய கூலி போகக் கூடாது. இது ஒன்று இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் சுவரில் ஒட்டிய தாளாகவே இருக்கும்.

சுற்றுலா போகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கூட்டத்தை முறைப்படுத்த 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவரும் அளவுக்கு வண்டிகள் ஏறுகிற ஊர் அது. அதில் ஒருவர் புல்லில் விட்டு வரும் பாட்டில் மறுநாள் யாருடைய முழங்காலுக்குக் குறி வைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

தொழிலாளியின் உடம்பு பற்றி கொடைக்கானலுக்கு ஏற்கெனவே ஒரு கசப்பான பாடம் உண்டு. அங்கே இருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016ல். பதினைந்து வருஷம்! பாதரசத்தின் ஆபத்தாவது கண்ணுக்குத் தெரியாதது என்று சொல்லிக்கொள்ளலாம். சுற்றுகிற பிளேடின் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகும் ரப்பர் செருப்போடு ஒருவரைச் சரிவில் இறக்கிவிட்டால், அதை விபத்து என்று எப்படிச் சொல்வது?

அடுத்த மே மாதமும் மலர்க் கண்காட்சி வரும். அதற்கு முந்தைய நாட்களில் மலை முழுவதும் மெஷின்கள் உறுமும். பூக்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் புல்லையும் பார்க்கட்டும். அதை வெட்டியவரின் காலையும் பார்க்கட்டும். செருப்புதான் தெரிகிறது என்றால், அங்கே உள்ள ஆபீசில் பூட்ஸ் எங்கே என்று கேட்கட்டும். கேட்பவர்கள் அதிகமானால் பூட்ஸ் வரும்.