பொழுது மயக்கம்

நெடுந்தூர விமானப் பயணத்தின் பின் உடலைப் பற்றிக்கொள்ளும் நிலையை ஜெட் லாக் என்கிறோம். தமிழில் ‘பயணக் களைப்பு’, ‘வான்பயண அயர்ச்சி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இவற்றில் உடன்பாடில்லை. களைப்பு உறங்கினால் தீர்ந்துவிடும். இதுவோ உறங்கவேண்டிய வேளையில் விழிப்பையும், விழித்திருக்கவேண்டிய வேளையில் உறக்கத்தையும் தருவது. வடக்கு தெற்காக எத்தனை மணி நேரம் பறந்தாலும் வெறும் களைப்புத்தான். கிழக்கு மேற்காகப் பறந்தால் மட்டுமே இது வரும்.

அகத்திணை பயின்றவர்கள் இதற்கான சொல்லைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நிலம் நிலத்தோடு மயங்காது, பொழுது மயங்கலாம் என்பது அகத்திணையியலுக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம். குறிஞ்சிக்குரிய யாமம் வேறொரு திணையில் வந்து நின்றால் அது செய்யுளுக்கு அழகு. மிலான் நகரத்து மாலையில் பேரணாம்பட்டின் யாமம் உடலுக்குள் வந்து நின்றால் அது அவஸ்தை. ‘பொழுது மயக்கம்’ என்றே இதைச் சொல்லலாம் என்பது என் கட்சி.

கப்பல் காலத்தில் இந்தத் துன்பம் இல்லை. ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் உதித்தது 1937இல், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில். அத்தகைய கப்பல்களில் கடிகாரத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவார்கள். உடலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துவிடும். விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

உடலுக்குள் கடிகாரம் இருப்பது உவமை அன்று. அது உயிரணுவுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். தலைமைக் கடிகாரம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. கல்லீரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை உணவு வேளையைப் பார்த்து மெல்ல நகர்பவை. ஆகவே முதல் நாளில் கண்ணுக்கு ஒரு பொழுது, வயிற்றுக்கு வேறொரு பொழுது. ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஒரு நாள் என்பது சரியாவதற்கான தோராயக் கணக்கு. நம் உள்கடிகாரம் இருபத்துநான்கு மணிக்குச் சற்றே நீண்டது என்பதால், பெரும்பாலோருக்கு மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது கடினம்.

எங்கள் பகுதியில் இது ஏட்டுச் செய்தி அன்று. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து தோல் வணிகத்துக்காக இத்தாலிக்குப் போய்வருபவர்கள் உண்டு. மிலானில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் லினியாபெல்லே கண்காட்சி கூடுகிறது. பிப்ரவரியில் இத்தாலி நமக்கு நாலரை மணி நேரம் பின்னே இருக்கும். சாலைவழி சென்னை, நள்ளிரவு தாண்டி விமானம் என்று போனால் ஓர் இரவின் உறக்கம் முதலிலேயே பறிபோய்விடும். இறங்கிய அன்றே இரவு எட்டரை மணிக்கு விருந்து மேசையில் விலை பேச உட்காருகிறார்கள். ஊரில் அப்போது மணி ஒன்று. எதிரே இருப்பவருக்கோ முன்னிரவின் தெளிவு. சதுர அடிக்குச் சில காசுகளைக் கண் சொருகிய நிலையில் விட்டுக்கொடுத்தால் பல்லாயிரம் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். அந்த நட்டம் கடைசியில் யார் கூலியில் வந்து விழும் என்பதை எங்களூரில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இறங்கிய அன்றே வேலையைத் தொடங்குவதை வீரம் என்று கருதும் வழக்கம் இத்தொழிலில் இருக்கிறது. ஒரு நாள் விடுதிச் செலவு மிச்சம் என்ற கணக்கும் உண்டு. தோல் சுண்ணாம்பில் ஊறவேண்டிய நேரத்தில் ஒரு மணியைக் குறைக்கத் துணியாத முதலாளி, தாம் அனுப்பும் இளைஞருக்கு ஒரு பகலைக் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்? முதல் நாளில் கையெழுத்து வேண்டாம், வாடகைக் கார் ஓட்டவும் வேண்டாம். மேற்கே போனவர் பிற்பகலில் அரை மணிக்குமேல் படுக்காமல், மாலை வெயிலில் வெளியே நடந்து, அவ்வூர் வேளைக்கு உண்டு, ஒன்பது மணிவரை விழித்திருந்தால் போதும்.

தொழுகையைத் தவறவிடாத வணிகர் ஒருவர் சொன்னது இவற்றைவிட எனக்குப் பிடித்திருந்தது. இறங்கியதும் அவ்வூரின் தொழுகை நேரங்களுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்துவிடுவாராம். அந்த ஐந்து வேளைகளும் அந்தந்த ஊரின் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுபவை. நம் சிறுபொழுதுகளும் அப்படித்தானே?

வணிகர்களாவது போய்ப் பழகியவர்கள். மகளின் பிரசவத்துக்காக அறுபது வயதுக்குமேல் முதன்முதலாக நியூ ஜெர்சிக்குப் புறப்படும் தாய்மார்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. கோடையில் அங்கே பிற்பகல் இரண்டு மணி என்பது இங்கே இரவு பதினொன்றரை. பட்டப்பகலில் சோபாவில் சாய்ந்து உறங்கிவிட்டு, பின்னிரவு இரண்டு மணிக்குப் பசியோடு எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடக்கூடாதே என்று இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும்முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது மிக அவசியம். அங்கிருக்கும் மகள்களுக்கும் மருமகன்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சமையலறையில் ஒரு சிறு விளக்கையும் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தையும் வைத்துவிட்டு உறங்கப் போங்கள். இறங்கிய அன்றே அவர்களை நண்பர் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.